சுவரொட்டியும் சாமி படமும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவிழா நெருங்கும்போது ஆலய வாயிலிலும், கடைத்தெருக்களிலும், அடுக்குமாடி வீடுகளின் அடித்தள அறிவிப்புப் பலகைகளிலும் வண்ணச் சுவரொட்டிகள் தோன்றுகின்றன. மேலே அம்பாளின் திருமுகம். கீழே கொடியேற்றம் தொடங்கி விடையாற்றி வரை நாள்வாரியான நிகழ்ச்சி நிரல். அதற்கும் கீழே உபயகாரர்களின் பெயர்கள். பத்து நாள் திருவிழா முடிகிறது. மழை பெய்கிறது. ஒட்டிய தாள் ஓரத்தில் பெயர்ந்து, பாதி கிழிந்து, சாக்கடை ஓரத்தில் விழுகிறது. அவ்வழியே வரும் ஒரு மூதாட்டி அதைக் கண்டு திடுக்கிடுகிறார். எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். எடுத்தபின் அதை என்ன செய்வது என்று அறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார். குப்பைத் தொட்டியில் போட அவருக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் இயலவில்லை. அது நனைந்து சேறு படிந்த தாள்.

அந்தத் தாள் விளம்பரமா? தெய்வத் திருவுருவமா? இரண்டுமா? இக்கேள்விக்கு விடை காண, சுவரொட்டி என்னும் பொருள் எங்குப் பிறந்தது, எவ்வழியே தமிழர் இல்லங்களின் சாமி மேடை வரை வந்தது என்பதைச் சற்று விரிவாகவே காணவேண்டும்.

ஜெர்மனி நாட்டின் மியூனிக் நகரில் அலோய்ஸ் செனஃபெல்டர் என்னும் நாடக ஆசிரியர் வாழ்ந்தார். தம் நாடகங்களை அச்சிடப் பணமின்றி, மலிவான வழி ஒன்றைத் தேடிப் பல சோதனைகள் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் அவருடைய தாயார் சலவைக்குப் போடும் துணிகளின் கணக்கை எழுதச் சொன்னபோது கையில் தாள் இல்லை. அருகிலிருந்த சுண்ணாம்புக் கல்லில் மெழுகு கலந்த மையால் எழுதினார். அதிலிருந்துதான் கல்லச்சுக் கலை பிறந்தது என்று அவரே எழுதிவைத்தார். எண்ணெய்ப்பசையும் நீரும் ஒன்றோடொன்று சேரா என்பதே இக்கலையின் முழு இரகசியம். கல்லின்மேல் பசையுள்ள மையால் வரைந்து, நீர் தடவி, மை உருளையை ஓட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். ஈரமான இடம் விலக்கிவிடும். 1796ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த இக்கண்டுபிடிப்பு, ஓவியன் கையால் வரைந்த கோட்டை அப்படியே ஆயிரக்கணக்கில் பெருக்கிக் காட்ட வழி திறந்தது. பின்னர் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் எனப் பல கற்களை வைத்து அச்சிடும் முறை வந்தது.

பாரிஸ் நகரில் ஜூல்ஸ் ஷெரே என்பவர் இம்முறையைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். நாடகம், நாட்டியம், விளக்கெண்ணெய், மதுவகை என எதை விற்க வேண்டுமானாலும் அவருடைய பெரிய வண்ணத்தாள்கள் சுவரேறின. 1881ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு இயற்றிய அச்சுச் சட்டம் எங்கு ஒட்டலாம், எங்கு ஒட்டக்கூடாது என வரையறுத்தது. பொதுக் கட்டடங்களின் சுவர்களில் அச்சட்டத்தின் நாளைக் குறிப்பிட்டு எழுதப்பட்ட 'விளம்பரம் ஒட்டாதே' என்னும் வாசகத்தைப் பாரிஸ் செல்வோர் இன்றும் காணலாம். (சிங்கப்பூரில், இசைவின்றிச் சுவரொட்டி ஒட்டுவதை 1966ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியதை அன்பர்கள் அறிவார்கள். சுவரும் பசையும் உள்ள ஊர்களுக்கெல்லாம் இத்தொல்லை பொதுவே போலும்.) 1891இல் துலூஸ் லோத்ரெக் என்னும் ஓவியர் ஒரு நடன அரங்குக்காக வரைந்த சுவரொட்டி ஒரே நாளில் அவரைப் புகழேணியில் ஏற்றிற்று. ஒட்டிய தாள்களைச் சேகரிப்போர் இரவோடிரவாக ஈரத்தோடு பெயர்த்துச் சென்று வீட்டில் மாட்டிக்கொண்ட காலம் அது. விற்பனைக்காகத் தெருவில் ஒட்டியது கலைப்பொருளாகி, கலைப்பொருள் வீட்டு அலங்காரமாயிற்று. ஐரோப்பாவில் அந்தப் பயணம் அவ்வளவில் நின்றது. பாரதத்தில் அதே கல்லச்சு அதற்கும் மேலே ஒரு படி ஏறியது. சுவரில் ஒட்டிய தாளுக்கு இங்கே தீபம் காட்டினார்கள்.

அதற்கு வழிவகுத்தவர் திருவிதாங்கூரின் கிளிமானூரில் 1848இல் பிறந்த இராஜா இரவிவர்மா. அரண்மனைகளுக்கு எண்ணெய் வண்ண ஓவியங்கள் தீட்டிப் பெரும்புகழ் பெற்றவர். ஓவியம் ஒன்றுதான், அதைக் காணவோ பல இலட்சம் மக்கள். திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ் 1884இல் அவருக்குக் கடிதம் எழுதி, ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சாக எடுத்து மக்களிடம் பரப்பினால் அது நாட்டுக்குச் செய்யும் தொண்டாகும் என்று அறிவுறுத்தினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1894இல், இரவிவர்மா ஐரோப்பாவுக்கு ஓவியத்தை அனுப்பவில்லை. ஐரோப்பாவின் எந்திரத்தையே பம்பாய்க்கு வரவழைத்தார். ஜெர்மானியப் பொறிகளும், கற்களும், தொழில்வல்லாரும் வந்து சேர்ந்தனர். பம்பாயில் கொள்ளைநோய் பரவிய பின்னர் அச்சகம் உலோணாவாலாவுக்கு அருகிலுள்ள மளவலிக்கு மாறியது.

அங்கிருந்து வெளிவந்த படங்களில் இரண்டை இந்த மண்டபத்தில் அறியாதார் இருக்க மாட்டார்கள். தாமரை மலர்மேல் நின்ற கோலத்தில், நான்கு கரங்களோடு, அருகில் மாலை ஏந்திய யானையுடன் காட்சிதரும் திருமகள் ஒன்று. வெண்ணிற ஆடையில், மயில் அருகிருக்க, வீணை மீட்டும் கலைமகள் மற்றொன்று. இவற்றின் மூலப்படத்தை யார் வரைந்தார் என்று அறியாமலேயே இன்றுவரை கோடிக்கணக்கான இல்லங்கள் இவற்றையோ, இவற்றின் படியின் படியையோ வணங்குகின்றன. அந்நாளில் பெண்கள் அச்சுப்படத்தை வாங்கி, அம்பிகையின் சேலைப்பகுதியில் உண்மையான பட்டுத்துணியும் சரிகையும் ஜமிக்கியும் வைத்துத் தைத்து அழகுபடுத்தினர். எந்திரம் ஒரே அச்சில் வார்த்த ஆயிரம் இலக்குமிகளுள் தன் வீட்டு இலக்குமி தனித்துத் தெரியவேண்டும் என்று ஒரு தாய் விரும்பினாள். அலங்காரம் என்ற சொல்லுக்கு ஆலயத்தில் உள்ள பொருள் அந்தக் கைவேலையில் முழுமையாக இருந்தது.

வணிகத்தில் அச்சகம் தடுமாறியது. கடன் பெருகவே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியரின் கைக்கு மாறிற்று. இரவிவர்மா 1906இல் மறைந்தார். படங்கள் மறையவில்லை; புதிய உரிமையாளர் காலத்தில் இன்னும் பெருகின. சோப்பு நிறுவனமும் குழந்தை மருந்து நிறுவனமும் அத்தெய்வப் படங்களின்மேல் தம் பெயரை அச்சிட்டு விளம்பரமாக்கின. மான்செஸ்டர் ஆலைகளிலிருந்து வந்த துணிக்கட்டுகளின் மேலும் கண்ணன், முருகன், காளி எனத் தெய்வப் படங்கள் வணிகச் சின்னமாக ஒட்டப்பட்டிருந்தன. துணி எந்த ஆலையது என்று எழுத்தறியாதவர் படத்தைப் பார்த்து அறிந்துகொண்டனர். துணியை விற்றுவிட்டுப் படத்தைச் சுவரில் ஒட்டி வழிபட்டோரும் உண்டு. அந்த அச்சகத்தில் பணிபுரிந்த தாதாசாகேப் பால்கே என்பவரே பின்னர் 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா' என்னும் திரைப்படத்தை எடுத்து வெளியிட்டார்.

எல்லாரும் இரவிவர்மாவைப் போற்றிவிடவில்லை. ஈழத்துத் தமிழரான சர் முத்துக்குமாரசுவாமியின் மகனும் கலைப்பேரறிஞருமான ஆனந்த குமாரசுவாமி, இப்படங்கள் நாடக மேடைத்தனம் மிகுந்தவை, தெய்விகப் பொருளைக் கையாளும் பாரத மரபுணர்வு அற்றவை எனக் கடுமையாக மறுத்தார். தில்லைக்கூத்தனின் செப்புத் திருமேனியில் அண்டத்தின் அசைவைக் கண்ட கண்ணுக்கு, நகை பூண்ட அரண்மனைப் பெண் போல நிற்கும் திருமகள் சிறுத்துத் தோன்றியதில் வியப்பில்லை. சிற்ப நூல் அறிந்த தபதியின் அளவும் இலக்கணமும் அப்படங்களில் இல்லை என்பது மறுக்கவியலாத உண்மை.

ஆயினும் அந்தச் செப்புத் திருமேனியை அன்று யார் கண்டார்கள்? இதை எண்ணாமல் இப்படங்களின் மதிப்பை எடைபோட முடியாது. திருவிதாங்கூரில் ஆலய நுழைவுப் பிரகடனம் வந்தது 1936ஆம் ஆண்டு நவம்பரில். மதுரை மீனாட்சி அம்மன் ஆலயத்தின் கதவு அதுவரை தடுக்கப்பட்டிருந்தோருக்குத் திறந்தது 1939ஆம் ஆண்டு ஜூலையில். இரவிவர்மாவின் அச்சகம் தொடங்கியதோ 1894இல். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, கோபுரத்தைத் தொலைவிலிருந்து மட்டுமே கும்பிட்ட பெருங்கூட்டத்தின் வீட்டுக்குள், சில காசுகளுக்கு விலையாகி, அம்பிகை தானே நடந்து வந்தாள். குலம் கேட்காமல் வந்தாள். அங்குக் குருக்கள் இல்லை, கருவறை இல்லை, தள்ளி நில் என்று சொல்வாரும் இல்லை. இலக்கணம் குறைந்த அத்தாள் செய்த இத்தொண்டை இலக்கணம் நிறைந்த கற்றளிகள் அந்நாளில் செய்யவில்லை.

இதன் அடுத்த அத்தியாயம் சிவகாசியில் எழுதப்பட்டது. அவ்வூர் வரலாறு வலி மிகுந்தது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் ஆலயத்துள் நாடார் சமூகத்தார் நுழைந்து வழிபட்டதற்காக வழக்குத் தொடுக்கப்பட்டு, அது இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899இல் சிவகாசியில் ஆலய நுழைவை ஒட்டிப் பெருங்கலவரம் மூண்டு உயிர்களும் வீடுகளும் அழிந்தன. அதே ஊரிலிருந்து, 1920களின் தொடக்கத்தில், அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ணச் சீட்டு வேண்டும். அதனை வெளியூரில் அச்சிடுவதைவிட உள்ளூரிலேயே அச்சிடலாம் என்று அச்சுத்தொழில் வேரூன்றியது. மழை குறைந்த வறண்ட காற்று மை உலர்வதற்கும் தாள் நெகிழாதிருப்பதற்கும் துணைசெய்தது. விளையாத கரிசல் நிலமே அச்சுக்கு விளைநிலமாயிற்று. சில பத்தாண்டுகளில் பாரதம் முழுவதற்கும் தெய்வப்படக் காலண்டர் அச்சிடும் ஊராகச் சிவகாசி வளர்ந்தது. எந்த மக்களுக்கு ஆலயக் கதவு அடைக்கப்பட்டதோ, அந்த மக்களின் அச்சகங்களிலிருந்து காசி விசுவநாதரும் திருப்பதி வேங்கடவனும் மதுரை மீனாட்சியும் எல்லாக் குலத்தார் வீடுகளுக்கும் புறப்பட்டுச் சென்றார்கள்.

அந்தப் படங்களை வரைந்தோருள் தலைமையானவர் சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்த அவர் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சிலகாலம் தங்கி, பின் நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சென்று திரைச்சீலைகள் தீட்டி, இறுதியில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். இல்லறம் ஏற்கவில்லை. டி. எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் முதலிய மாணவர்கள் அவரைச் சூழ்ந்து குருகுலம் போல வாழ்ந்தனர். நாடகத் திரைச்சீலையில் பழகிய கை அவருடையது. தெய்வத்தின் பின்னே மலையும் அருவியும் தூணும் விரிவது அப்பழக்கத்தினால்தான். ஆனால் அவர் வரைந்த தெய்வங்கள் எங்கோ பார்ப்பதில்லை. எதிரே நிற்பவரை நேராக நோக்கும். கண்ணோடு கண் சேர்வதே தரிசனம் என்னும் மரபை அவர் தாளில் காத்தார். இரவிவர்மாவிடம் குமாரசுவாமி காணாத ஒன்று கோவில்பட்டியில் ஓரளவு மீண்டு வந்தது எனலாம். 1976இல் அவர் மறைந்தார்.

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் இப்படங்கள் கப்பலேறி வந்தன. பால்மரத் தோட்டத்து லயன் வீடுகளில் பலகை அடித்த சுவரில் ஒரு சிறு தட்டு; அதன்மேல் கண்ணாடிச் சட்டமிட்ட முருகன் படம்; முன்னே ஒரு காமாட்சி விளக்கு. ஆறு வீட்டுக்குப் பொதுவாய் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்த காலத்திலும், வீட்டுக்கு ஒரு சாமி மேடை தனியே இருந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கோ பினாங்குக்கோ சென்று வருவோர் திரும்பும்போது ஒரு படம் வாங்கி வருவது வழக்கம். கிள்ளானிலும் சிராங்கூன் சாலையிலும் மளிகைக் கடைக்காரர் ஆண்டுப் பிறப்பில் வாடிக்கையாளருக்குக் காலண்டர் கொடுத்தார். மேலே முருகன், கீழே கடை முகவரி, நடுவே நாள்தாள் கட்டு. டிசம்பர் முடிவில் நாள்தாள் தீர்ந்துவிடும். கத்தரிக்கோல் எடுத்துக் கடை முகவரியை வெட்டிவிட்டுப் படத்தைச் சட்டம் போட்டுவிடுவார் வீட்டுக்கார அம்மா. விளம்பரம் எங்கே முடிகிறது, வழிபாடு எங்கே தொடங்குகிறது என்னும் நுட்பமான வினாவுக்கு அந்தக் கத்தரிக்கோல் தெளிவாகவே விடை சொல்லிற்று.

இன்று கத்தரிக்கோல் போதவில்லை. ஊதுவத்தி உறை, கற்பூரப் பெட்டி, மாவுப் பொட்டலம், நெகிழிப் பை, திருமண அழைப்பிதழ் என எங்கும் தெய்வத் திருவுருவம். பட்டாசுச் சுற்றுத்தாளில் இலக்குமி. வெடித்தபின் துண்டு துண்டாய்த் தெருவில். பாரதத்தின் நகரங்களில், அசுத்தம் செய்யாதிருக்கவேண்டும் என்பதற்காகவே சுவரில் வரிசையாகத் தெய்வப் படங்களைப் பதித்துவைக்கும் வழக்கமும் பரவியது. காவலர் கூலி மிச்சம் என்று கருதினார் போலும். தெய்வத்துக்கு இந்தப் பணியையும் தந்துவிட்டார்கள். ஆலயங்களின் சுவரொட்டியிலும் ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. சில ஊர்களில் அம்மன் அஞ்சல்தலை அளவில் மேல் மூலையில் ஒதுங்கியிருக்க, தலைவர், துணைத்தலைவர், சிறப்பு விருந்தினர் ஆகியோரின் முகங்கள் தாளை நிறைத்து நிற்கின்றன. யாருக்குத் திருவிழா என்று வழிப்போக்கர் ஐயுறுவது இயல்பே.

பழைய படங்களின் நிலையும் இதனோடு சேர்ந்ததே. கண்ணாடி உடைந்த படம், நிறம் வெளுத்த படம், முதியவர் மறைந்தபின் பிள்ளைகள் புதுவீட்டுக்குக் குடிபோகையில் வேண்டாம் என ஒதுக்கிய படம் ஆகியவை இரவில் எவரும் அறியாமல் ஆலயத்து அரசமரத்தடிக்கு வந்து சேர்கின்றன. மழையில் நனைகின்றன, சட்டம் இற்று, கண்ணாடி சிதறுகிறது. கொண்டுவந்து வைத்தவர் மனத்தில் பாரம் இறங்கிற்று. கண்ணாடிச் சில்லைப் பொறுக்கும் ஆலயப் பணியாளர் கையிலோ இரத்தம்.

மரபில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. சதுர்த்திக்குக் களிமண்ணால் பிள்ளையார் பிடிக்கிறார்கள். ஆவாகனம் செய்து வழிபட்டு, உரிய நாளில் நன்றியோடு விடைகொடுத்து நீரில் கரைக்கிறார்கள். மஞ்சள் பிள்ளையார் அரைமணி நேரமே இருந்து விடைபெறுகிறார். கும்பத்து நீரில் எழுந்தருளிய தெய்வம் பூசை நிறைவில் மூலத்திருமேனிக்கு மீள்கிறது. தெய்வத்தை வரவேற்கத் தெரிந்த இம்மரபு, வழியனுப்பவும் கற்றிருக்கிறது. கல்லிலும் செம்பிலும் ஆன திருமேனிக்கு விதி வேறு. தாளில் உள்ள உருவம், மண்ணையும் மஞ்சளையும் போன்று, வந்து செல்லும் வகையைச் சேர்ந்தது.

ஆகவே பழைய படத்துக்குக் கற்பூரம் காட்டி வணங்கி, சட்டத்தையும் கண்ணாடியையும் நெகிழிப் பூச்சையும் வீட்டிலேயே பிரித்துவிட்டு, தாளை மட்டும் ஆலயத்தில் ஒப்படைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, குருக்களின் முன்னிலையில், ஆலயம் அவற்றை முறைப்படி அக்கினியில் சேர்க்க ஏற்பாடு செய்யலாம். ஆற்றிலும் கடலிலும் கண்ணாடிச் சட்டத்தோடு வீசுவது விடைகொடுத்தல் ஆகாது. மண் பிள்ளையார் கரைவார், நெகிழி கரையாது.

சுவரொட்டி பற்றிக் கருத்து இருவகையாக இருக்கிறது. தெய்வ முகம் இல்லாத அறிவிப்பை யார் திரும்பிப் பார்ப்பார் என்பது ஒரு தரப்பு. அதில் உண்மை உண்டு. ஷெரே காலத்திலிருந்து சுவரொட்டியின் இயல்பே அதுதான். மிதிபடும் இடத்தில் திருமுகம் எதற்கு என்பது மறுதரப்பு. அதிலும் உண்மை உண்டு. தெருவில் ஒட்டும் தாளில் கோபுரமோ, வேலோ, சூலமோ, குத்துவிளக்கோ பெரிதாக, நல்ல வண்ணத்தில் இருக்கட்டும். தொலைவிலிருந்து பார்க்க அவை முகத்தைவிடத் தெளிவாகவே தெரியும். அம்பாளின் திருமுகத்தைத் தரமான தாளில், முகவரியோ உபயகாரர் பெயரோ இன்றித் தனிப்படமாக அச்சிட்டு, திருவிழா நாளில் அருச்சனைத் தட்டோடு குடும்பத்துக்கு ஒன்றாக வழங்கலாம். உபயகாரர் பட்டியலுக்கு இம்மலரிலேயே பக்கங்கள் உண்டு. அச்சுக்கூலி சற்றுக் கூடும்; ஒட்டும் தாளின் எண்ணிக்கையைக் குறைத்தால் அது சரியாகிவிடும். திருவிழா முடிந்த மறுநாளே ஒட்டிய தாள்களை எல்லாம் அகற்றும் பொறுப்பை, ஒட்டிய இளைஞர் குழுவிடமே ஒப்படைப்பது நன்று. எங்கெங்கு ஒட்டினார்கள் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்.

இதற்கிடையே, மழைநாளில் கையில் நனைந்த தாளோடு நின்ற அந்த மூதாட்டி ஆலயத்துக்குத்தான் வருவார். அவர் வரும்போது வாங்கிக்கொள்ள, வாயிற்பக்கத்தில் மூடியுள்ள ஒரு மரப்பெட்டியும், அதன்மேல் ஓர் அறிவிப்பும் இருந்தால் போதும். அதைச் செய்துதர இந்த மண்டபத்திலேயே தச்சுவேலை அறிந்த அன்பர்கள் இருக்கக்கூடும்.